சாதனைப் பதிவேட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே வடிவத்தில் ஒரு தனிநபர் சாதனைப் பதிவேடு தொடங்கப் போகிறார்கள். மதிப்பெண்ணோடு விளையாட்டு, கலை, செயல்திட்டங்கள், சமூகப் பணி, திறன்கள் எல்லாம் அதில் ஏறும். பள்ளியை விட்டுப் போகும்போது மாணவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கும் பிற்பாடு வேலைக்கும் அது உதவும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. "எந்த வடிவம் நல்லது? கல்லூரிகளும் நிறுவனங்களும் இதை மதிக்குமா? இல்லை, எங்கள் நேரம்தான் போகுமா?" என்று கேட்கிறார்.

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எழுதி முடித்த பிறகு இதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? பல ஆண்டுகள் பள்ளிகளில் மதிப்பீட்டு வேலையில் இருந்தேன். அதற்குப் பிறகு ஆள் எடுப்பவர்களுக்கு நேர்காணல் நடத்தப் பயிற்சி கொடுத்துவருகிறேன். அதனால் எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் எனக்குப் பழக்கம். இரண்டையும் வைத்து, எது உறுதியாகத் தெரிந்தது, எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். நன்றாக நடத்தினால் இந்தப் பதிவேடு மாணவருக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே கொண்டுபோய் ஒரு நிறுவனத்திடம் நீட்டினால் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. மாணவருக்கான பெரிய பதிவு ஒன்று, அதிலிருந்து படிப்பவருக்காக எடுக்கும் சிறிய பிரதி ஒன்று என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரிக்காமல் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் சாதிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நாட்டின் அனுபவமே இருக்கிறது.

பிரிட்டனில் 1970களிலேயே சில பள்ளிகள் இதைத் தொடங்கின. பொதுத் தேர்வில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் பெறாமல் வெளியேறும் பிள்ளைகள் கையில் வேறு ஏதாவது ஒரு நல்ல ஆவணம் இருக்க வேண்டும் என்ற அக்கறைதான் தொடக்கம். 1984-இல் கல்வித் துறை இதை அரசின் கொள்கையாகவே அறிவித்தது. அந்த அறிவிப்பில் நான்கு நோக்கங்கள் சொன்னார்கள்: தேர்வில் தெரியாத சாதனைகளையும் அங்கீகரிப்பது, மாணவருக்கு ஊக்கமும் தன்னைப் பற்றிய தெளிவும் தருவது, பள்ளி தன் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் திரும்பிப் பார்க்க உதவுவது, கடைசியாக, வேலை கொடுப்பவர்களும் கல்லூரிகளும் நம்பக்கூடிய ஓர் ஆவணத்தைத் தருவது. 1985-இலிருந்து முன்னோட்டத் திட்டங்கள் நடந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை மதிப்பீடு செய்தன. 1991-இல் நாடு முழுவதற்கும் ஒரே வடிவமாக 'நேஷனல் ரெகார்ட் ஆஃப் அச்சீவ்மென்ட்' (தேசிய சாதனைப் பதிவேடு) வந்தது. கருஞ்சிவப்பு நிற உறைபோட்ட கோப்பு. உள்ளே தன்னைப் பற்றிய ஒரு பக்க எழுத்து, தேர்ச்சிகள், பள்ளிச் சாதனைகள், வேலை அனுபவம், இனி என்ன செய்யப் போகிறேன் என்ற திட்டம் என்று வரிசையாகத் தாள்கள்.

கோப்பு அழகாகத்தான் இருந்தது. படிக்கும் பக்கத்தில் யாரும் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகங்கள் வழக்கம்போல் தங்கள் விண்ணப்பப் படிவத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் பார்த்தே சேர்த்தன. நிறுவனங்களுக்குத் தங்கள் சொந்தப் படிவம் இருந்தது. 1996-இல் ரான் டியரிங் தலைமையில் 16 முதல் 19 வயது வரையிலான தகுதிகளை ஆராய்ந்த குழு, இதைத் திருத்தி அமைத்து மறுபடி அறிமுகப்படுத்த வேண்டும் என்று சொல்லும் நிலை வந்தது. பிறகு அது 'ப்ராக்ரஸ் ஃபைல்' (முன்னேற்றக் கோப்பு) என்று மாறியது. அதுவும் நிலைக்கவில்லை.

இதைப் பார்த்து "பதிவேடே வீண்" என்று முடிவு கட்டுவது அவசரம். முன்னோட்டக் கால மதிப்பீடு சொன்னதை முழுதாகப் பார்க்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் தனியாக உட்கார்ந்து பேசியதைப் பலரும் மதித்தார்கள். அதற்கான நேரம் கிடைக்காததுதான் ஓயாத குறையாக இருந்தது. இன்னொன்று, வளர்ச்சிக்காக வெளிப்படையாகப் பேசுவதும் வெளியாருக்குக் காட்டுவதற்காக எழுதுவதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்தன. அந்த நான்கு நோக்கங்களில் முதல் மூன்றும் பள்ளிக்குள் நடப்பவை. நான்காவது மட்டும் வெளியே போகிறது. வெளியே போகும் என்று தெரிந்த நொடியிலேயே மாணவர் தன் குறையை எழுத மாட்டார். ஆசிரியரும் எழுத மாட்டார். எல்லாப் பிள்ளைகளும் 'பொறுப்பானவர், ஆர்வமுள்ளவர், குழுவாகச் செயல்படுபவர்' ஆகிவிடுவார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லும் ஆவணத்தை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் படிப்பவர் அதைத் தள்ளிவைக்கிறார். ஆள் எடுக்கும் அறையில் உட்கார்ந்து பார்த்தால் இது சோம்பலாகத் தெரியாது, நியாயமாகவே தெரியும்.

அந்தத் தனிப் பேச்சில் அப்படி என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நான் பலமுறை பார்த்த ஒன்றின் மாதிரி இது. மாணவி தன் பதிவில் "அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றேன். தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை கேட்கிறார்: "கண்காட்சியில நீ என்ன செஞ்ச?" "எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம் மிஸ்." "சரி, நீ மட்டும் செஞ்சது எது? நீ இல்லன்னா எது நடந்திருக்காது?" கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "நீர் வடிகட்டி முதல் நாள் ஒழுகிச்சு மிஸ். எல்லாரும் பசை போட்டு அடைக்கலாம்னாங்க. நான் குழாயோட அளவத்தான் மாத்தணும்னு சொன்னேன். யாரும் கேக்கல. அன்னைக்கு சாயந்திரம் நானே ரெண்டு அளவுல செஞ்சு காட்டினேன்." ஆசிரியை அதை அப்படியே எழுதச் சொல்கிறார். தேதி, குழுவில் எத்தனை பேர், யார் பார்த்தார்கள் என்பதையும் சேர்க்கிறார்கள்.

'தலைமைப் பண்பு' என்ற சொல் போய்விட்டது. அந்த இடத்தில், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாதபோது செய்து காட்டி நிரூபிக்கும் ஒரு பெண் தெரிகிறாள். இனி எந்த நேர்காணலிலும் அவளால் இதைச் சொல்ல முடியும். தான் செய்தது என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருப்பதே அவள் இந்தப் பதிவேட்டிலிருந்து பெறும் மிகப் பெரிய பயன் என்பேன். கோப்பு தொலைந்து போனாலும் அது போகாது. இது ஆய்வு முடிவு என்று சொல்லவில்லை. வேலை தேடி வருபவர்களோடு பல ஆண்டுகள் உட்கார்ந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று.

சரி, வடிவத்துக்கு வருவோம். 'ஒரே வடிவம்' என்றவுடன் பெரும்பாலான பள்ளிகள் செய்வது இதுதான்: இருபது குணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை கட்டம் போடுவது. குழு மனப்பான்மை 4, நேர்மை 5, படைப்பாற்றல் 3. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஓர் ஆசிரியரின் 4-ம் இன்னோர் ஆசிரியரின் 4-ம் ஒன்றல்ல. பார்க்க எண்ணாக இருப்பதால் மட்டும் அது அளவீடாகிவிடாது. போதாததற்கு, இந்த எண்ணை வைத்துச் சேர்க்கையோ வேலையோ முடிவாகும் என்று தெரிந்தால் எண் தானாக மேலே ஏறும். ஓர் எண்ணை வைத்து எவ்வளவு பெரிய முடிவை எடுக்கிறோமோ, அந்த எண்ணைக் கெடுக்கும் அழுத்தமும் அவ்வளவு அதிகமாகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு எந்த நாட்டுப் பள்ளியும் இதற்கு விலக்காக இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரே மாதிரி இருக்க வேண்டியது எலும்புக்கூடு மட்டும்தான். என்ன செய்தார், எப்போது, எவ்வளவு காலம், தனியாகவா குழுவாகவா, குழு என்றால் அவருடைய பங்கு என்ன, இதை யார் நேரில் பார்த்தார், சான்றாக எதைக் காட்ட முடியும். இவ்வளவுதான். இதற்குள் வரும் சதை ஒவ்வொருவருக்கும் வேறாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பட்டத்தோடு தரப்படும் 'டிப்ளமா சப்ளிமென்ட்' என்ற விளக்க இணைப்பு இப்படித்தான் அமைந்தது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய கவுன்சில், யுனெஸ்கோ மூன்றும் சேர்ந்து உருவாக்கியது அது. எட்டுப் பகுதிகள்: படித்தவர் யார், என்ன தகுதி, எந்த நிலை, என்னென்ன பாடங்கள், அந்தத் தகுதியை வைத்து அடுத்து என்ன செய்யலாம், அந்த நாட்டின் உயர்கல்வி அமைப்பு எப்படிப்பட்டது என்று போகும். "இவர் நல்லவர், வல்லவர்" என்று எங்கும் இருக்காது. வேறொரு நாட்டில் இருப்பவர் இந்தப் பட்டத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லும். 2005 முதல் பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் கேட்காமலே, கட்டணமில்லாமல் இதைத் தர வேண்டும் என்று 2003-இல் பெர்லினில் கூடிய கல்வி அமைச்சர்கள் முடிவு செய்தார்கள்.

திறனுக்கு நிலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தினால் மொழித்திறனுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தைப் பாருங்கள். 2001-இல் வெளிவந்தது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். பல நாடுகளில் அது எடுபட்டதற்குக் காரணம், ஒவ்வொரு நிலையிலும் 'இவரால் என்ன செய்ய முடியும்' என்று எழுதியிருப்பதுதான். நன்கு தெரிந்த விஷயங்களைப் பற்றி எளிய, தொடர்ச்சியான பத்தி எழுத முடியுமா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். "உன் ஆங்கிலம் நன்றா?" என்று கேட்டால் அடக்கமான பிள்ளை தன்னைக் குறைத்துச் சொல்லும், தைரியமான பிள்ளை கூட்டிச் சொல்லும். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த யூரோபாஸ் தொகுப்பில் இந்த மொழி நிலைகளும் சேர்ந்தன. ஐந்து ஆவணங்கள் அதில் இருந்தன: தன்விவரக் குறிப்பு, மொழிக் கடவுச்சீட்டு, வெளிநாட்டில் பெற்ற பயிற்சிக்கான பதிவு, பட்டத்துக்கும் தொழிற்சான்றிதழுக்கும் ஒவ்வொரு இணைப்பு. 2020 ஜூலையில் அதைப் புதிய இணையத் தளமாக மாற்றினார்கள். அதில் நாம் கற்க வேண்டியது: பயனருக்கு ஒரு சொந்தப் பக்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் அங்கே சேர்த்துவைக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தேவையானதை மட்டும் எடுத்து ஒரு தன்விவரக் குறிப்பை உருவாக்கிக்கொள்ளலாம். பெரிய பதிவு, சிறிய பிரதி என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

இப்போது படிக்கும் பக்கம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் எது பிற்கால வேலைத் திறனை ஓரளவாவது முன்கூட்டிச் சொல்கிறது என்பது நிறைய ஆராயப்பட்ட விஷயம். 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வேலையின் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்லும் மாதிரித் தேர்வுக்கு 0.54, கட்டமைந்த நேர்காணலுக்கு 0.51 என்று பிற்கால வேலைத் திறனோடு தொடர்பு கிடைத்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு வெறும் 0.10. 2022-இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கு முறையைத் திருத்தியபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. கட்டமைந்த நேர்காணல் 0.42-க்கு வந்தாலும் முதலிடத்தில் நின்றது. எண்களில் சர்ச்சை உண்டு. ஆனால் எல்லாரிடமும் வேலைக்குத் தேவையான ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இந்தக் கட்டமைந்த நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட மேல் என்பதில் இரண்டு தொகுப்புகளும் ஒத்துப்போகின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாதனைப் பதிவு எங்கே பொருந்தும் என்பது இங்கே தெரிகிறது. ஆயிரம் விண்ணப்பத்தை நூறாகக் குறைக்கும் முதல் சல்லடையில் அதைப் படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. அங்கே பட்டம், மதிப்பெண், ஏதாவது ஒரு தேர்வு இவைதான் நிற்கும். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கியதுபோல், முதலாளிக்கு உள்ளே இருக்கும் திறன் தெரியாது. பெறுவதற்குக் கடினமான ஓர் அடையாளத்தைத்தான் அவர் நம்புவார். யார் வேண்டுமானாலும் எளிதாக நிரப்பிக்கொள்ளும் பதிவு அடையாளமாக வேலை செய்யாது. ஆனால் கடைசிப் பதினைந்து பேரை நேரில் அழைத்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது ஒரு பக்கப் பதிவு கையில் இருந்தால் நேர்காணல் செய்பவர் "கடினமான சூழலில் ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் சொல்லுங்கள்" என்ற பொதுக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிவில் உள்ள நீர் வடிகட்டிக்கு நேராகப் போகலாம். முதல் வேலைக்கு வருபவருக்கு இது பெரிய உதவி. அனுபவம் இல்லை என்று நினைத்து அவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. ஐந்து வருடம் வேலை பார்த்தவரிடம் யாரும் பள்ளிப் பதிவைக் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. அதனால் "வாழ்நாள் முழுவதும் உதவும்" என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

நம்பகத்தன்மை அடுத்த விஷயம். மாணவர் தானே எழுதியதும் நிறுவனம் சரிபார்த்ததும் ஒரே தாளில் கலந்து கிடந்தால் படிப்பவர் இரண்டையுமே நம்ப மாட்டார். பிரிட்டனில் பட்டத்தில் பெற்ற வகுப்பு (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு) ஒன்றை மட்டும் வைத்து ஒரு மாணவரைச் சொல்லிவிட முடியாது என்று ராபர்ட் பர்ஜஸ் தலைமையிலான குழு 2007-இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து 'ஹையர் எஜுகேஷன் அச்சீவ்மென்ட் ரிப்போர்ட்' (உயர்கல்விச் சாதனை அறிக்கை) பிறந்தது. பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு அதில் 6.1 என்று ஒரு பகுதி உண்டு. பல்கலைக்கழகம் தானே சரிபார்க்க முடிந்தவை மட்டுமே அங்கே ஏறும். மாணவர் சங்கப் பொறுப்பு ஏறும், வீட்டில் கிதார் கற்றது ஏறாது. கொஞ்சம் கறாராகத் தோன்றினாலும் அந்தக் கோட்டை உங்கள் பள்ளியும் போட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'நான் சொன்னது', 'பள்ளி பார்த்தது', 'வெளியார் சான்று' என்று மூன்றில் ஒரு குறி இருந்தால் போதும்.

மின்னணுப் பதக்கம், பிளாக்செயின் என்று யாராவது உங்கள் நிர்வாகத்திடம் விற்க வருவார்கள். வந்தால் பதற வேண்டாம். ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொஸில்லா 2011-இல் 'ஓப்பன் பேட்ஜஸ்' என்ற மின்னணுப் பதக்க முயற்சியை அறிவித்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2019-இல் சரிபார்க்கக்கூடிய சான்றுகளுக்கான தரத்தை வெளியிட்டது. இந்தியாவில் 2015 முதல் மின்னணு ஆவணங்களைச் சேமிக்கும் டிஜிலாக்கரும், 2021 முதல் உயர்கல்வியில் பெற்ற பாட அலகுகளைக் கணக்கில் சேர்த்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸும் இருக்கின்றன. இவை எல்லாம் போலிச் சான்றிதழ் பிரச்சினைக்கு நல்ல மருந்து. இந்தச் சான்றை இன்னார்தான் தந்தார், தந்த பிறகு யாரும் திருத்தவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடும். தந்தவர் ஒழுங்காக மதிப்பிட்டாரா என்பதை எந்த மின்கையொப்பமும் சொல்லாது. அரை மணி நேர இணைய வகுப்புக்குக் கிடைத்த பதக்கமும் ஆறு மாதப் பட்டறைக்குக் கிடைத்த பதக்கமும் கணினிக்கு ஒன்றுதான். அதனால் தொழில்நுட்பத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் ஆசிரியர் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாதனைப் பதிவு தேர்வை மட்டும் நம்பியிருக்கும் முறையைவிட நியாயமானது என்று பலரும் நினைக்கிறார்கள். கவனமில்லாவிட்டால் அது அநியாயத்தைக் கூட்டிவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல், இசை, கோடைக்கால முகாம், போட்டிகள் என்று பக்கம் நிறைந்துவிடும். பள்ளி முடிந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும், மாலையில் கடையில் நின்று சம்பாதிக்கும் பிள்ளைக்கும் வெறும் தாள்தான். உண்மையில் வேலை கொடுப்பவர் தேடும் பொறுப்புணர்வும் நேரம் தவறாமையும் பணத்தைக் கையாளும் பழக்கமும் இந்த இரண்டாவது பிள்ளைகளிடம்தான் தினமும் பழகிக்கொண்டிருக்கின்றன. படிவத்தில் 'வீட்டுப் பொறுப்புகள்', 'சம்பளத்துக்குச் செய்த வேலை' என்று இரண்டு தலைப்புகள் அச்சிட்டே இருக்க வேண்டும். 'மற்றவை' என்று விட்டால் அந்தப் பிள்ளை எழுத மாட்டாள். வெட்கப்படுவாள். "மூன்று ஆண்டுகள், பள்ளி நாட்களில் மாலை நான்கு முதல் ஏழு வரை இரண்டு சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன், அவர்களுடைய வீட்டுப்பாடமும் என் பொறுப்பு" என்பது எந்த முகாம் சான்றிதழுக்கும் குறைந்த பதிவல்ல. இதைக் கேட்டு எழுதவைக்க வேண்டியது ஆசிரியர்தான்.

வடிவம் ஒன்றாகிவிட்டால் பாகுபாடு போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2004-இல் வெளியான பெர்ட்ரண்ட், முல்லைநாதன் ஆய்வில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயர்கள் தற்செயல் முறையில் ஒட்டப்பட்டவை. கறுப்பினத்தவர் பெயர் போல ஒலித்தவற்றைவிட வெள்ளையர் பெயர் போல ஒலித்தவற்றுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் அழைப்பு வந்தது. தாள் ஒன்றாக இருந்தாலும் படிக்கும் கண் ஒன்றாக இருக்காது. வெளியே போகும் பிரதியில் புகைப்படம், பெற்றோர் தொழில், மதம், சாதி எதுவும் இடம்பெறக் கூடாது என்பது என் திட்டவட்டமான கருத்து. தேர்வுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம், எதை எழுதக் கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை, வீட்டுப் பிரச்சினை இவை இந்தக் கோப்புக்குள் வரவே கூடாது. பதினான்கு வயதில் ஒருவர் எழுதிய "கவனக்குறைவானவர்" என்ற வரி இருபத்திரண்டு வயதில் அந்தப் பிள்ளையின் பின்னால் வரக் கூடாது. பதிவு மாணவருக்குச் சொந்தம். எதை யாரிடம் காட்டுவது என்று முடிவெடுப்பது அவர். தவறிருந்தால் திருத்தச் சொல்லும் உரிமையும் அவருடையது. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தச் சொல்லவும் உரிமை தருகின்றன. சில சூழல்களில் வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியும். உங்கள் ஊரில் சட்டம் எப்படி இருந்தாலும், பள்ளி இதைத் தன் விதியாக எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்ட நேரக் கணக்கு. நாற்பது பேர் வகுப்பு. ஒருவருக்கு இருபது நிமிடம் என்றால் 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் கிட்டத்தட்ட 27 மணி நேரம். இது பேச்சுக்கு மட்டும். கால அட்டவணையில் இந்த நேரத்துக்கு இடம் ஒதுக்காமல் "இடைவேளையில் முடித்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொன்னால், தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். பேச்சு இல்லாத பதிவேடு வருடக் கடைசியில் ஒரே நாளில் நாற்பது கோப்புகளை நிரப்பும் வேலையாகத்தான் முடியும். 27 மணி நேரம் கிடைக்காது, பத்துதான் கிடைக்கும் என்றால் ஒரே ஒரு வகுப்பில், ஆண்டுக்கு ஒரு முறை, ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், ஒருவருக்கு மூன்றே பதிவு என்று தொடங்குங்கள். மூன்று நல்ல பதிவு முப்பது சப்பைப் பதிவைவிட மேல் என்பதை நேர்காணல் நடத்தும் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் மாணவர்கள் வழக்கமாகச் சேரும் இரண்டு மூன்று கல்லூரிகளிலும், அவர்களை வேலைக்கு எடுக்கும் சில இடங்களிலும், கையால் எழுதிய ஒரு பக்க மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "உங்கள் தேர்வு முறையில் இதை எந்தக் கட்டத்தில், யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள். ஒருவராவது ஒரு கட்டத்தையும் ஓர் ஆளையும் சொன்னால் அவருக்கு ஏற்றபடி அந்தச் சிறிய பிரதியை அமையுங்கள். யாருமே சொல்லாவிட்டால் வெளியே போகும் பிரதியை இப்போதைக்கு விட்டுவிட்டு, மாணவருக்கான பதிவையும் அந்தத் தனிப் பேச்சையும் மட்டும் நடத்துங்கள். அப்போதும், அந்த நேரம் வீணாகாது.